கிளவுடில் முதல் மெஷின்: கட்டுங்கள், அழியுங்கள், மறுபடி கட்டுங்கள்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, தோவாளையில் என் சித்தப்பாவின் பூக்கடைக் கணக்கு முழுவதும் மேசைக்கு அடியில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்தது. கம்பங்கள் சாய்ந்து கிடந்தன, பல நாள் கரண்டு வரவில்லை. கம்ப்யூட்டருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் யார் எத்தனை கிலோ பிச்சி கொண்டுவந்தார், எந்த ஊர்க் கடைக்காரர் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் உள்ளேயே அடைபட்டுப்போனது. சித்தப்பா ஞாபகத்தில் இருந்ததை நோட்டில் எழுதிச் சமாளித்தார். கரண்டு வந்த பிறகு நான் செய்த முதல் சோலி, அந்தக் கணக்கைக் கிளவுடில், அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கம்ப்யூட்டர்களில், ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு மாற்றியது. இன்றுவரை அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்படி ஒரு மெஷினை முதன்முதலாக எடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரி ப்ராஜெக்டுக்காக இருக்கலாம், மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் வீட்டுத் தொழிலுக்காக இருக்கலாம். யாராக இருந்தாலும் ஒரே ஒரு வேண்டுகோள்: முதல் மெஷினை அழிப்பதற்கென்றே கட்டுங்கள். கட்டும்போது ஒவ்வொரு படியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். முடிந்ததும் அழித்துவிட்டு, அந்த நோட்டை மட்டும் பார்த்து மறுபடி கட்டுங்கள். மறுபடி கட்டத் தெரியாத மெஷினை யாரும் தொடப் பயப்படுவார்கள். தொடப் பயந்தால் அப்டேட் நடக்காது, ஆள் மாறினால் கைமாற்றித் தர முடியாது, ஒரு நாள் அது நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

நாம் எடுப்பது என்ன

தென்னந்தோப்பைப் பாட்டத்துக்கு எடுப்பது நமக்குத் தெரிந்த விஷயம். மண் உடையவருடையது, காய் நம்முடையது. வேலியை யார் அடைப்பது, தண்ணீரை யார் பாய்ச்சுவது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்வோம். கிளவுடிலும் அந்தப் பேச்சு உண்டு. கட்டடம், கரண்டு, குளிர்சாதனம், பழுதான ஹார்ட்வேரை மாற்றுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மெஷினுக்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டம், அதன் அப்டேட், திறந்திருக்கும் கதவுகள், தகவல்களின் நகல் இவை முழுக்க நம் பொறுப்பு. ‘பெரிய கம்பெனியில்தானே இருக்கிறது, அவர்களே பேக்கப் எடுத்திருப்பார்கள்’ என்று நினைத்திருந்து தகவலை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாமாக இயக்கிவைக்காத பேக்கப் பெரும்பாலும் எங்கும் இருக்காது.

ஒரு பெரிய சர்வரை ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் பல பங்குகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பங்கும் தன்னை ஒரு முழுக் கம்ப்யூட்டராகவே நினைத்து ஓடும். அமேசானில் இதன் பெயர் ஈசி2, 2006-இல் தொடங்கியது. கூகுளில் கம்ப்யூட் இன்ஜின், மைக்ரோசாஃப்ட் அஸூரில் விர்ச்சுவல் மெஷின், டிஜிட்டல் ஓஷனில் டிராப்லெட். பெயர்தான் வேறு. ஒன்றில் பழகினால் மற்றவற்றில் பொத்தான்களின் இடத்தைத் தேடினால் போதும்.

படி 1: மெஷினுக்கு முன் காசு

கணக்குத் தொடங்கக் கார்டு கேட்பார்கள். புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும். வங்கி ஆப்பில் அதைத் திறந்து, உச்சவரம்பைக் குறைவாக வையுங்கள். விலைப்பட்டியலில் காட்டும் தொகையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கணக்குத் திறந்ததும் இரண்டு சோலிகள் உண்டு, இவற்றை முடிக்காமல் மெஷின் பக்கத்துக்கே போகாதீர்கள். முதலாவது, இரண்டடுக்குப் பாதுகாப்பு. உங்கள் போனில் உள்ள ஆத்தென்டிகேட்டர் ஆப்பை இணைத்து, அதன் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். பாஸ்வேர்டைத் திருடிய ஒருவர் உங்கள் பெயரில் பெரிய மெஷின்களை நிறையத் திறந்தால் பில் உங்களுக்குத்தான் வரும். இரண்டாவது, பட்ஜெட் எச்சரிக்கை. மாதம் 500 ரூபாய் என்று வைத்து, பாதி தாண்டும்போதே மின்னஞ்சல் வருமாறு அமையுங்கள். அந்த எச்சரிக்கை தகவல் மட்டும்தான் சொல்லும், மெஷினை நிறுத்தாது. நிறுத்துவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

இலவசச் சலுகை ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு மாதிரி இருக்கும், மாறிக்கொண்டும் இருக்கும். சேரும் நாளில் விதிகளைப் படித்து, முடியும் தேதியை வீட்டுச் சுவர்க் காலண்டரிலேயே குறித்துவையுங்கள். மாதம் 750 மணி நேரம் இலவசம் என்று எழுதியிருந்தால், 31 நாளுக்கு 744 மணி நேரம். ஆகவே அது ஒரே ஒரு மெஷின் மாதம் முழுக்க ஓடுவதற்குத்தான். இரண்டு ஓடினால் பதினைந்து நாளில் தீர்ந்துவிடும்.

படி 2: இடம், இமேஜ், அளவு

பிரதேசம் என்பது உங்கள் மெஷின் உண்மையில் நிற்கும் ஊர். அமேசானுக்கு மும்பையும் ஹைதராபாத்தும் உண்டு, கூகுளுக்கு மும்பையும் டெல்லியும், அஸூரின் தென்னிந்தியப் பிரதேசம் சென்னை, டிஜிட்டல் ஓஷனுக்குப் பெங்களூரு. நாகர்கோவிலில் இருந்து இவற்றில் எதை எடுத்தாலும் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அமெரிக்காவில் எடுத்தால் ஒவ்வொரு கிளிக்குக்கும் இருநூறு மில்லி விநாடிக்கு மேல் தாமதம் இருக்கும், அது கைக்குத் தெரியும். பக்கத்தைத் திறந்ததும் மேல் மூலையில் அமெரிக்கப் பிரதேசம் தேர்வாகி இருக்கக்கூடும். அதை முதலில் மாற்றுங்கள்.

இமேஜ் என்றால் உள்ளே முன்பே நிறுவப்பட்டு வரும் ஆபரேட்டிங் சிஸ்டம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு உபுண்டு 24.04 எல்டிஎஸ் போதும், இது லினக்ஸ் வகையில் நீண்ட கால ஆதரவுப் பதிப்பு. 2024 ஏப்ரலில் வந்தது, ஐந்து வருடம் இலவசப் பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் எடுத்தால் உரிமக் கட்டணமும் சேரும், ரேமும் அதிகம் வேண்டும். அவசியம் இருந்தால் மட்டும் எடுங்கள்.

அளவு விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். சித்தப்பாவின் கணக்கு, ஒரு வெப் சர்வர், ஒரு டேட்டாபேஸ் எல்லாம் சேர்ந்து 1 ஜிபி ரேமில் வருடக்கணக்கில் ஓடின. இந்த அளவு மெஷின் பல நிறுவனங்களில் மாதம் ஐந்து முதல் ஏழு டாலருக்குள் கிடைக்கும். பின்னால் போதவில்லை என்றால் நிறுத்தி, அளவைக் கூட்டி, மறுபடி ஓட்டலாம். சில நிமிடச் சோலி. ஆனால் டிஸ்க்கை மட்டும் யோசித்து வையுங்கள். கூட்டுவது எளிது, குறைப்பது அநேகமாக முடியாது. 20 அல்லது 25 ஜிபியில் தொடங்குங்கள்.

அமேசானில் டி3 மைக்ரோ போன்ற சிறிய அளவுகள் ஊற்றுக் கிணறு மாதிரி. சும்மா இருக்கும்போது கிரெடிட் ஊறும். வேலை வரும்போது வேகமாக இறைக்கலாம். நாள் முழுக்க இறைத்தால் வற்றும். வற்றிய பிறகு வேகம் குறையும், அல்லது அமைப்பைப் பொறுத்துக் கூடுதல் காசு பிடிப்பார்கள். டி3 வகையில் கூடுதல் காசு பிடிக்கும் அமைப்பே முன்கூட்டித் தேர்வாகி வரும். பழகும்போது அதை அணைத்துவையுங்கள்.

இன்னொரு செலவு பலருக்கும் தெரிவதில்லை. 2024 பிப்ரவரி முதல் அமேசான் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் (இணையத்தில் மெஷினைக் கண்டுபிடிக்க உதவும் எண்) மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. மாதத்துக்குச் சுமார் 3.65 டாலர். சின்ன மெஷின் வைத்திருப்பவருக்கு இது பில்லில் பெரிய பங்கு.

படி 3: சாவி

பாஸ்வேர்டு வைத்து நுழையும் பழக்கத்தை முதல் நாளிலேயே விடுங்கள். எஸ்எஸ்ஹெச் என்பது தூரத்தில் இருக்கும் மெஷினுக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி. அதன் சாவி இரண்டு கோப்புகளாக இருக்கும். பொதுச் சாவி பூட்டு மாதிரி, எந்தக் கதவிலும் மாட்டலாம். தனிச் சாவி உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகக் கூடாது. வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்புவதும் கிட்ஹப்பில் ப்ராஜெக்டோடு ஏற்றுவதும் வீட்டுச் சாவியை வடசேரி பஸ் ஸ்டாண்டில் தொங்கவிடுவதற்குச் சமம்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பவர்ஷெல்லைத் திறந்தாலே போதும், தனி மென்பொருள் வேண்டாம். ‘எஸ்எஸ்ஹெச்-கீஜென்’ என்ற கட்டளையை எடி25519 வகைக்கு ஓட்டுங்கள். கடவுச்சொற்றொடர் கேட்கும்போது காலியாக விடாதீர்கள். பப் என்று முடியும் கோப்பில் உள்ள ஒற்றை வரியைத்தான் மெஷின் உருவாக்கும் பக்கத்தில் ஒட்ட வேண்டும். நிறுவனமே சாவி உருவாக்கிக் கொடுத்தால், தனிச் சாவியை ஒரே ஒரு தடவைதான் இறக்கிக்கொள்ள முடியும். இறக்கியதும் ஒரு பிரதியைப் பூட்டிய பென் டிரைவில் வையுங்கள். ஆண்ட்ராய்டு போன் மட்டும் இருக்கும் பிள்ளைகள் டெர்மக்ஸ் ஆப்பில் இதே வேலையைச் செய்யலாம்.

படி 4: எந்தக் கதவைத் திறப்பது

பொது முகவரியோடு ஒரு மெஷின் எழுந்த சில நிமிடங்களிலேயே உலகத்தின் பல மூலையிலிருந்தும் தானியங்கி நிரல்கள் வந்து கதவைத் தட்ட ஆரம்பிக்கும். உங்களைக் குறிவைத்து அல்ல, எல்லா முகவரியையும் வரிசையாகத் தட்டிக்கொண்டு போகிறார்கள். நுழைவு முயற்சிகள் பதிவாகும் ஆத் லாக் கோப்பை மெஷினுக்குள் திறந்து பார்த்தால் ரூட், அட்மின் என்று விதவிதமான பெயர்களில் முயன்றிருப்பது வரிவரியாகத் தெரியும். முதல் நாளில் அதை ஒருமுறை பாருங்கள், பிறகு யாரும் உங்களுக்குப் பாதுகாப்பைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

கதவுகளைக் காக்கும் அமைப்பின் பெயர் அமேசானில் செக்யூரிட்டி குரூப், மற்ற இடங்களில் ஃபயர்வால். கதவு எண்கள், அதாவது போர்ட்டுகள், மூன்று போதும். 22 எஸ்எஸ்ஹெச்சுக்கு, 80-உம் 443-உம் வெப் பக்கத்துக்கு. பின்னிரண்டும் எல்லோருக்கும் திறந்திருக்கலாம். 22 மட்டும் உங்கள் வீட்டு இணைப்பின் ஐபி முகவரிக்குத்தான் திறக்க வேண்டும். டேட்டாபேஸின் 3306, 5432 எண்களை வெளியே திறக்கவே வேண்டாம். ‘வீட்டிலிருந்து டேட்டாபேஸைப் பார்க்க வேண்டும்’ என்றால் எஸ்எஸ்ஹெச் டனல், அதாவது அந்தப் பாதுகாப்பான இணைப்புக்குள்ளேயே போகும் பாதை, வழியே பார்க்கலாம்.

மெஷினுக்குள் யூஎஃப்டபிள்யூ என்ற இன்னொரு ஃபயர்வாலும் உண்டு. இதில் நான் ஒருமுறை சிக்கியிருக்கிறேன். 22-ஐ அனுமதிக்காமலேயே ‘எனேபிள்’ கொடுத்துவிட்டேன். இணைப்பு போனது, திரும்ப உள்ளே நுழைய வழியில்லை. நிறுவனத்தின் வலைப்பக்கக் கன்சோல் வழியாக நுழைந்துதான் சரிசெய்தேன். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் அனுமதி, பிறகு எனேபிள். இன்னொன்று, மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்தினால் அது திறக்கும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூவைச் சுற்றிக்கொண்டு வெளியே தெரியும். வெளி ஃபயர்வாலை நம்புங்கள்.

படி 5: உள்ளே நுழைவதும், நுழைய முடியாமல் போவதும்

‘எஸ்எஸ்ஹெச்’ என்று தட்டி, பயனர் பெயர், அட் குறி, மெஷினின் முகவரி. இதுதான் முழுக் கட்டளை. உபுண்டு இமேஜுக்கு அமேசானில் பயனர் பெயர் ‘உபுண்டு’. அமேசானின் சொந்த லினக்ஸுக்கு ‘ஈசி2-யூசர்’. டிஜிட்டல் ஓஷனில் ‘ரூட்’. முதல் தடவை ‘இந்த மெஷினை நம்பலாமா’ என்று கேட்கும். ‘யெஸ்’ கொடுங்கள்.

நுழைய முடியவில்லை என்றால் பதற்றப்படாமல் திரையில் வந்த ஆங்கில வாக்கியத்தை அப்படியே வாசியுங்கள். பிள்ளைகள் எனக்குப் போன் செய்து ‘அண்ணே, கனெக்ட் ஆகல’ என்பார்கள். என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: திரையில் என்ன எழுதியிருக்கு? மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

‘டைம்டு அவுட்’ என்று வந்தால், உங்கள் தட்டல் மெஷினைப் போய்ச் சேரவே இல்லை. ஃபயர்வால் தடுக்கிறது, அல்லது முகவரி தவறு, அல்லது மெஷின் நின்றிருக்கிறது. நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை என்று இரண்டு பருவத்துக்கும் நனைகிற மாவட்டம் இது. கரண்டு போய் வரும், ரவுட்டர் அணைந்து எழும், எழும்போது வீட்டு இணைப்புக்கு வேறு ஐபி முகவரி கிடைத்திருக்கும். 22-ஐ ‘என் முகவரிக்கு மட்டும்’ என்று கட்டியிருந்தீர்களே, அந்த முகவரி இப்போது உங்களுடையது அல்ல. வலைப்பக்கத்தில் உள்நுழைந்து ஃபயர்வால் விதியில் புது முகவரியை மாற்றுங்கள். போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினாலும் இதே கதைதான். மெஷினை நிறுத்தி ஓட்டினாலும் பல இடங்களில் அதன் பொது முகவரி மாறிவிடும். அது மாறக்கூடாது என்றால் நிலையான முகவரி ஒன்றைத் தனியாக எடுத்து இணைக்க வேண்டும்.

‘ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால், மெஷின் வரை போய்விட்டீர்கள், அந்த எண்ணில் கேட்டுக்கொண்டிருக்க யாரும் இல்லை. மெஷின் இப்போதுதான் எழுந்துகொண்டிருக்கலாம், ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி தட்டுங்கள்.

‘பெர்மிஷன் டினைடு’ என்றால் வாசல் வரை வந்தாயிற்று, சாவி சேரவில்லை. பத்தில் எட்டுத் தடவை பயனர் பெயர்தான் தவறாக இருக்கும். இல்லையென்றால் வேறு சாவிக் கோப்பைக் காட்டியிருப்பீர்கள். லினக்ஸிலும் மேக்கிலும் தனிச் சாவிக் கோப்பைப் பிறர் வாசிக்கும்படி விட்டிருந்தாலும் எஸ்எஸ்ஹெச் அதை ஏற்காது. அனுமதியை 600 ஆக்கினால் சரியாகும்.

அழித்துவிட்டு அதே முகவரியில் மறுபடி கட்டும்போது, பெரிய எழுத்தில் மிரட்டுகிற மாதிரி ஓர் எச்சரிக்கை வரும்: மெஷினின் அடையாளம் மாறிவிட்டது என்று. நீங்களே மாற்றிக் கட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளையை பெரிய ‘ஆர்’ விருப்பத்தோடும் முகவரியோடும் கொடுத்தால் பழைய அடையாளம் நீங்கும். நீங்கள் எதையும் மாற்றாதபோது இந்த எச்சரிக்கை வந்தால் மட்டும் நின்று யோசியுங்கள்.

படி 6: முதல் ஒரு மணி நேரம்

உள்ளே போனதும் முதலில் ‘டிமக்ஸ்’ (டி, எம், யூ, எக்ஸ்) என்று தட்டுங்கள். இது நம் மாவட்டத்துக்காகவே கண்டுபிடித்ததுபோல ஒரு கருவி. இணைப்பு அறுந்தாலும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த வேலை அறுகாது. கரண்டு வந்ததும் மறுபடி நுழைந்து ‘டிமக்ஸ் அட்டாச்’ கொடுத்தால் விட்ட இடத்திலேயே திரை நிற்கும். டிமக்ஸ் இல்லாமல் அப்டேட் ஓட்டி, பாதியில் வைஃபை போய், பேக்கேஜ்கள் அரைகுறையாகக் கிடந்த மெஷின்களைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். அப்படி ஆகிவிட்டால் ‘டிபிகேஜி’ கட்டளையை ‘கான்ஃபிகர்’, ‘ஏ’ விருப்பங்களோடு ஓட்டினால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

அடுத்து ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ (சூடோ என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டு என்று பொருள்), பிறகு ‘சூடோ ஆப்ட் அப்கிரேட்’. முடிந்ததும் ஒரு ரீபூட். ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக, நுழைந்திருந்தால் உங்களுக்கென ஒரு சாதாரணப் பயனரை உருவாக்கி, சூடோ அனுமதி கொடுத்து, பொதுச் சாவியை அவருக்கும் மாட்டுங்கள். அதன் பிறகு எஸ்எஸ்ஹெச் அமைப்பில் பாஸ்வேர்டு நுழைவையும் ரூட் நுழைவையும் மூடலாம். மூடும்போது ஒரு ஒழுங்கைக் கைவிடாதீர்கள். இருக்கிற ஜன்னலை மூடாமல், இன்னொரு புது ஜன்னலில் நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால்தான் பழையதை மூட வேண்டும்.

1 ஜிபி ரேம் உள்ள மெஷினில் 2 ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்றை, அதாவது ரேம் போதாதபோது டிஸ்க்கில் இடம் தரும் கோப்பை, அமையுங்கள். அது ரேமுக்கு ஈடாகாது. ஆனால் திடீரென ரேம் தீரும்போது லினக்ஸ் டேட்டாபேஸையே கொன்றுவிடுவதைப் பெரும்பாலும் தடுக்கும்.

நேர மண்டலத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மெஷின்கள் உலகப் பொது நேரமான யூடிசியில்தான் எழும், நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். நான் இரவு 2 மணிக்கு நகல் எடுக்கும் வேலையை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் வைத்திருந்தேன். சில நாள் கழித்துச் சித்தப்பா சொன்னார்: “மக்ளே, காலையில ஏழரைக்கு மட்டும் கணக்கு அசைய மாட்டேங்கு.” யூடிசி 2 மணி என்பது நமக்குக் காலை 7.30. சந்தை அதிகாலையிலேயே தொடங்கி, பிச்சி, மல்லி, கேந்தி எல்லாம் எடை போட்டு முடித்துக் கணக்குப் பார்க்கிற நேரத்தில் மெஷின் நகல் எடுத்துக்கொண்டு மூச்சு வாங்கியிருக்கிறது. ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையால் மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா (இரண்டு சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து) ஆக்குங்கள். கிரான் சேவையை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். நோட்டிலும் எழுதிவையுங்கள்.

படி 7: வெப் பக்கம்

இது எளிது. என்ஜின்எக்ஸ் (என், ஜி, ஐ, என், எக்ஸ்) என்பது வெப் பக்கத்தை வழங்கும் மென்பொருள். ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்ஜின்எக்ஸ்’ கொடுத்து, பிரவுசரில் முகவரியைத் தட்டினால் வரவேற்புப் பக்கம் தெரியும். டொமைன் வாங்கியிருந்தால் பெயரை முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பகுதியில் ‘ஏ’ பதிவில் மெஷினின் முகவரியைக் கொடுங்கள். பூட்டுக் குறி வருவதற்கு லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசச் சான்றிதழ் தருகிறது, செர்ட்பாட் அதை நிறுவிக் கொடுக்கும். சான்றிதழுக்கு ஆயுள் குறைவு, அதிகபட்சம் 90 நாள். செர்ட்பாட் தானே புதுப்பிக்கும். அதற்கு 80-ஆம் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதை மறந்து மூடிவிடுகிறவர்கள் உண்டு. ‘செர்ட்பாட் ரினியூ’ கட்டளையை ‘ட்ரை ரன்’ விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டிச் சோதித்துவிடுங்கள்.

படி 8: நகல்

ஸ்னாப்ஷாட் என்பது டிஸ்க்கை அந்த நொடியில் அப்படியே படம் பிடித்து வைப்பது. பெரிய மாற்றம் செய்வதற்கு முன் ஒன்று எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம். ஆனால் அது மட்டும் போதாது, இரண்டு காரணங்கள். டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது பிடித்த படத்தில் பாதி எழுதிய வரிகளும் இருக்கலாம். அதைவிடப் பெரியது, ஸ்னாப்ஷாட் அதே கணக்குக்குள் கிடக்கிறது. கார்டு காலாவதியாகிப் பணம் கட்டத் தவறினாலோ, கணக்கை யாராவது கைப்பற்றினாலோ மெஷினும் போகும், படமும் போகும்.

சித்தப்பாவின் கணக்குக்கு நான் செய்வது இது. தினமும் இரவு பிஜி_டம்ப் கட்டளை கொண்டு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைக் கோப்பாக்கிச் சுருக்குவேன். மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்களுக்கு மைஎஸ்க்யூஎல்டம்ப் இதே வேலையைச் செய்யும். அந்தக் கோப்பு பூட்டப்பட்டு வேறொரு நிறுவனத்தின் சேமிப்பிடத்துக்குப் போகும். கடைசி முப்பது நாள் மட்டும் அங்கே இருக்கும். மாத முதல் ஞாயிறு ஒரு பிரதி பென் டிரைவில் ஏறி, வீட்டு அலமாரிக்குப் போகும். ஒக்கியின்போது தகவல் ஊரிலேயே மாட்டிக்கொண்டது. இப்போது ஊரிலும் இருக்கிறது, வெளியிலும் இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, புதிதாக ஒரு மெஷின் எடுத்து, நோட்டைப் பார்த்துக் கட்டி, கடைசி நகலை அதில் இறக்கி, முந்தைய நாள் எடை வரவு சரியாகத் தெரிகிறதா என்று சித்தப்பாவிடமே காட்டுவேன். முதல் தடவை அரை நாள் போனது. நகல் சரியாகத்தான் இருந்தது, ஆனால் டேட்டாபேஸ் பயனரின் பாஸ்வேர்டு நோட்டில் இல்லை, பழைய மெஷினுக்குள் மட்டும் இருந்தது. உண்மையிலேயே அந்த மெஷின் போயிருந்தால் அன்று என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் நினைப்பதுண்டு. இப்போது இதே வேலை நாற்பது நிமிடத்தில் முடிகிறது. சோதித்ததும் அந்தப் புது மெஷினை அழித்துவிடுவேன். சில மணி நேர வாடகை, ஒரு டீக்காசு ஆகாது.

படி 9: நோட்டைக் கட்டளைக் கோப்பாக்குங்கள்

இரண்டு தடவை கையால் கட்டிய பிறகு, நோட்டில் உள்ள கட்டளைகளை வரிசையாக ஒரே கோப்பில் எழுதுங்கள். மெஷின் உருவாக்கும் பக்கத்தின் அடியில் அமேசானில் யூசர் டேட்டா என்ற பெட்டி இருக்கும், மற்றவற்றில் பெயர் மாறலாம். அதில் அந்தக் கோப்பை ஒட்டினால், முதல் தடவை எழும்போதே மெஷின் அவற்றைத் தானாக ஓட்டிக்கொள்ளும். அப்டேட், பயனர், ஸ்வாப், நேர மண்டலம், என்ஜின்எக்ஸ் எல்லாம் நீங்கள் டீ குடித்து வருவதற்குள் தயார். பாஸ்வேர்டுகளை மட்டும் அந்தப் பெட்டியில் எழுதாதீர்கள். அதை மெஷினுக்குள் இருப்பவர்கள் வாசிக்க முடியும். மெஷினை உருவாக்குவதையே கோப்பில் எழுதிச் செய்யும் டெர்ராஃபார்ம் போன்றவை இதற்கு அடுத்த கட்டம். முதல் மூன்று மாதம் அவை வேண்டாம்.

வாராவாரம் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. ‘டிஎஃப்’ கட்டளையில் டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, ‘ஃப்ரீ’யில் ரேம், பில் பக்கத்தில் இதுவரை ஓடிய தொகை. 80 சதவீதம் தாண்டிய டிஸ்க்கை அன்றே பாருங்கள், பெரும்பாலும் லாக் கோப்புகள்தான் வளர்ந்திருக்கும். டிஸ்க் முழுக்க நிரம்பிவிட்டால் டேட்டாபேஸ் எழுத மறுக்கும், சிலசமயம் உங்களால் நுழையவும் முடியாது. உபுண்டு பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானே போட்டுக்கொள்ளும், ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் மாறியதும் ரீபூட் செய்வது நம் வேலை. சந்தை ஓய்ந்த மத்தியான நேரத்தில் நான் அதைச் செய்வேன்.

படி 10: நிறுத்துவதும் அழிப்பதும்

நிறுத்தினால் காசு நிற்குமா? இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அமேசானில் நிறுத்தினால் மெஷின் வாடகை நிற்கும், டிஸ்க் வாடகை ஓடும். அஸூரில் மெஷினுக்குள் இருந்து ஷட்டவுன் கொடுத்தால் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். போர்ட்டல் பக்கத்தில் நிறுத்தி, ‘டிஅலோக்கேட்டட்’ என்று காட்டினால்தான் நிற்கும். டிஜிட்டல் ஓஷனில் அணைத்து வைத்த டிராப்லெட்டுக்கும் முழு வாடகை உண்டு. பாட்டத்துக்கு எடுத்த தோப்புக்குள் நீங்கள் போகவில்லை என்பதற்காகப் பாட்டம் குறையாது அல்லவா, அது மாதிரி.

அழிக்கும்போது மெஷினோடு சேர்ந்து எல்லாம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். தனியாகச் சேர்த்த டிஸ்க் தங்கும், ஸ்னாப்ஷாட் தங்கும், நிலையான ஐபி முகவரி தங்கும். ஒவ்வொன்றுக்கும் காசு ஓடும். பழகிய காலத்தில் இப்படி மறந்த ஒரு டிஸ்க்குக்கு எட்டு மாதம் வாடகை கட்டியிருக்கிறேன். தொகை சின்னது, அதனாலேயே கண்ணில் படவில்லை.

ஆகவே அழிக்கும் நாளில் இந்த வரிசையில் போங்கள். கடைசி நகல் வெளியே போய்விட்டதா என்று அதைத் திறந்து பாருங்கள். மெஷினை அழியுங்கள். டிஸ்க் பட்டியல், ஸ்னாப்ஷாட் பட்டியல், ஐபி முகவரிப் பட்டியல் மூன்றையும் தனித்தனியே திறந்து காலியா என்று பாருங்கள். அமேசானில் மெஷின் பட்டியல் பக்கம் ஒரு நேரத்தில் ஒரு பிரதேசத்தைத்தான் காட்டும். முதல் நாளில் தெரியாமல் அமெரிக்காவில் ஒன்றைத் திறந்திருந்தால் மும்பைப் பட்டியலில் அது தெரியாது. மேல் மூலையில் பிரதேசத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். பழைய முகவரியைக் காட்டும் டிஎன்எஸ் பதிவையும் நீக்குங்கள். விட்டுவைத்தால் நாளை அந்த முகவரியை எடுக்கும் வேறொருவரின் பக்கம் உங்கள் டொமைனில் திறக்கும்.

மூன்று நாள் கழித்து பில் பக்கத்துக்குப் போய்த் தினசரிச் செலவைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் நின்றால், நோட்டைத் திறந்து இரண்டாவது மெஷினைக் கட்டத் தொடங்கலாம். இந்தத் தடவை நோட்டில் எழுதாத எதையும் செய்யாதீர்கள். எங்கே நின்று யோசிக்க வேண்டி வருகிறதோ, அந்த இடத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அதை அப்போதே எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.